காரைக்குடியில் குறைக்கடத்திப் படல ஆய்வுகள்

காரைக்குடியில் குறைக்கடத்திப் படல ஆய்வுகள் என்பவை, சிவகங்கை மாவட்டம் காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்திலும் அழகப்பா பல்கலைக்கழகத்திலும் நடைபெற்றுவரும் மின்னணுப் பொருள்கள் தொடர்பான ஆய்வுகளைக் குறிக்கும். குறைக்கடத்தி என்றவுடன் சிலிக்கான் சில்லுகளும், தூசு நுழையாத அறைகளும், பல ஆயிரம் கோடி ரூபாய் ஆலைகளுமே நினைவுக்கு வரும். காரைக்குடி ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்ட வழி வேறு. உப்புக் கரைசல், இரண்டு மின்வாய்கள், ஒரு மின்வழங்கி ஆகியவற்றைக் கொண்டு நானோமீட்டர் அளவிலான படிகத் துகள்களால் ஆன படலங்களை அவர்கள் உருவாக்கினர். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு ஆகும்.

இடமும் நிறுவனங்களும்

வேதாந்த மடத்தால் பெயர்பெற்ற கோவிலூர், வள்ளல் அழகப்பச் செட்டியார் பிறந்த கோட்டையூர் போன்ற ஊர்கள் சூழ்ந்த நகரம் காரைக்குடி. இப்பகுதியில் பெரிய ஆறோ, உலோகச் சுரங்கமோ, பெரும் மின்நிலையமோ இல்லை. அப்படிப்பட்ட ஊருக்கு ஒரு தேசிய ஆய்வகம் வந்ததற்குக் காரணம் ஒரு கொடை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலத்தையும் 15 இலட்சம் ரூபாயையும் வழங்கினார். 1948 ஜூலை 25 அன்று பிரதமர் ஜவாகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று, அதாவது பொங்கல் நாளில், அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் டாக்டர் ச. இராதாகிருஷ்ணன் நிறுவனத்தைத் திறந்து வைத்தார். இது அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வு மன்றத்தின் கீழ் இயங்குகிறது.

உள்ளூர் மக்கள் இதனை ஆங்கிலப் பெயரின் சுருக்கமான 'சிக்ரி' என்றே அழைப்பர். இராஜஸ்தானின் பிலானியில் இதே மன்றத்தின் கீழுள்ள மின்னணுப் பொறியியல் ஆய்வகத்தின் பெயர் 'சீரி'. இரண்டின் ஆங்கிலச் சுருக்கங்களும் ஓரெழுத்து மட்டுமே வேறுபடுவதால், ஒன்றின் பணி மற்றொன்றின் பெயரில் எழுதப்பட்டுவிடுவது உண்டு. மின்னணுக் கருவிகளுக்கென்றே அமைக்கப்பட்டது பிலானி ஆய்வகம். அரிமானத் தடுப்பு, மின்கலம், மின்முலாம், காரக் குளோரின் தொழில் முதலியவற்றுக்காக அமைக்கப்பட்டது காரைக்குடி ஆய்வகம். ஆகவே குறைக்கடத்தி ஆய்வு இங்கே முலாம் பூசும் கலையின் வழியாகவே நுழைந்தது. அந்தத் தொடக்கத்தின் சாயல் இன்றும் இங்குள்ள ஆய்வுகளில் தெரிகிறது.

அழகப்பா பல்கலைக்கழகம் 1985இல் நிறுவப்பட்டது. அதன் இயற்பியல் துறையைச் சேர்ந்த சி. சஞ்சீவிராஜா, டி. மகாலிங்கம் ஆகியோரும், சிக்ரியின் கே. ஆர். முரளி, எம். ஜெயச்சந்திரன் ஆகியோரும் மெல்லிய படலங்கள் பற்றிப் பல ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டவர்கள். இரண்டு நிறுவனங்களும் ஒரே ஊரில் இருப்பதால் கூட்டு ஆய்வுகளும் நடந்தன. மின்னழுத்தம் கொடுத்தால் நீல நிறமாக மாறும் டங்ஸ்டன் ஆக்சைடு படலங்கள் பற்றிய ஆய்வு அவற்றுள் ஒன்று.

குறைக்கடத்தியும் ஆற்றல் இடைவெளியும்

ஒரு பொருளில் எலக்ட்ரான்கள் அணுக்களோடு கட்டுண்டு இருக்கும் ஆற்றல் நிலைக்கும், கட்டவிழ்ந்து நகரும் ஆற்றல் நிலைக்கும் இடையிலுள்ள வேறுபாடே ஆற்றல் இடைவெளி ஆகும். உலோகங்களில் இந்த இடைவெளி இல்லை. கண்ணாடி போன்ற காப்பான்களில் மிகப் பெரிது. குறைக்கடத்திகளில் இடைப்பட்ட அளவில் இருக்கும். சிலிக்கானுக்கு 1.12 எலக்ட்ரான் வோல்ட், காட்மியம் டெல்லுரைடுக்கு ஏறத்தாழ 1.45, காட்மியம் செலினைடுக்கு 1.74, காட்மியம் சல்பைடுக்கு 2.42.

ஒரு குறைக்கடத்தி எந்த ஒளியை உறிஞ்சும் என்பதை இந்த எண்ணே முடிவு செய்கிறது. 1240 என்ற எண்ணை ஆற்றல் இடைவெளியால் வகுத்தால், அப்பொருள் உறிஞ்சக்கூடிய ஒளியின் மிக நீண்ட அலைநீளம் நானோமீட்டரில் கிடைக்கும். காட்மியம் சல்பைடுக்கு இது 512. எனவே அது ஊதாவையும் நீலத்தையும் உறிஞ்சிக்கொண்டு மஞ்சளாகத் தோன்றுகிறது. ஓவியர்கள் பயன்படுத்தும் காட்மியம் மஞ்சள் இதுவே. காட்மியம் செலினைடுக்கு 713. கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதையும் அநேகமாக உறிஞ்சிவிடுவதால் அதன் படலம் கருமை கலந்து காணப்படும். சூரிய ஒளியைப் பிடிக்க விரும்புவோருக்கு இது ஏற்ற பண்பு. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் உலகெங்கும் மலிவான சூரியக் கலங்களைத் தேடத் தொடங்கியபோது காட்மியச் சேர்மங்கள் மீது கவனம் திரும்பியதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

கரைசலிலிருந்து படலம்

பித்தளை நகைக்குப் பொன்முலாம் பூசும்போது, நகையை எதிர்மின்வாயாக இணைத்துத் தங்க உப்புக் கரைசலில் அமிழ்த்துவர். கரைசலிலுள்ள தங்க அயனிகள் எலக்ட்ரான்களைப் பெற்று நகையின்மேல் உலோகமாகப் படிகின்றன. இங்கே படிவது ஒரே தனிமம். காட்மியம் செலினைடு போன்ற சேர்மத்தைப் படியவைக்க வேண்டுமென்றால் இரண்டு தனிமங்கள் ஒரே நேரத்தில், ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் படிய வேண்டும். விகிதம் தவறினால் கிடைப்பது குறைக்கடத்தி அன்று, கலவைக் குப்பை.

முதலில் பார்க்கும்போது இது நடக்காத காரியமாகத் தோன்றும். செலினியம் எளிதில் படியும் இயல்புடையது. காட்மியம் படிவதற்கு அதைவிட மிகுந்த எதிர் மின்னழுத்தம் வேண்டும். இவ்வளவு வேறுபட்ட இரண்டும் எப்படி ஒன்றாகப் படியும்? இதற்கான விளக்கத்தை அமெரிக்காவின் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குரோகர் 1978இல் வெளியிட்டார். பணிக்கர், நாஸ்டர், குரோகர் ஆகிய மூவரும் காட்மியம் டெல்லுரைடைக் கொண்டு அதே ஆண்டில் செய்து காட்டினர். இருவேறு தனிமங்கள் சேர்ந்து சேர்மமாகும்போது ஆற்றல் வெளிப்படுகிறது. அந்த ஆற்றல் காட்மியத்துக்கு உதவுவதால், தனியே படியத் தேவையான மின்னழுத்தத்தை எட்டுவதற்கு முன்பே, பக்கத்தில் செலினியமோ டெல்லுரியமோ இருக்கும் இடத்தில் மட்டும் காட்மியம் படிந்துவிடுகிறது. கூடுதல் காட்மியம் படிய அந்த மின்னழுத்தம் போதாது. மறுபுறம், கரைசலில் செலினியத்தை மிகக் குறைவாகவும் காட்மியத்தை மிகுதியாகவும் வைத்தால், வந்து சேரும் ஒவ்வொரு செலினியம் அணுவுக்கும் துணையாக ஒரு காட்மியம் அணு காத்திருக்கும். இவ்வாறு விகிதம் தானாகவே சரியாகிறது. இந்த ஆய்வுத்துறை முழுவதும் நிற்பது இந்த ஒரு கருத்தின் மீதுதான்.

படலத்தின் தடிமனைக் கட்டுப்படுத்துவதற்குப் பள்ளிப் பாடத்தில் வரும் பாரடே விதியே போதும். செலினியஸ் அமிலத்திலிருந்து ஒரு செலினியம் அணு படிய 4 எலக்ட்ரான்களும், அதோடு சேரும் காட்மியத்துக்கு 2 எலக்ட்ரான்களும் தேவை. ஆக, ஒரு மூலக்கூறுக்கு 6 எலக்ட்ரான்கள். காட்மியம் செலினைடின் ஒரு மோல் ஏறத்தாழ 33 கன சென்டிமீட்டர் இடத்தை அடைக்கும். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரு நானோமீட்டர் தடிமனுக்கு வேண்டிய பருமன் ஒரு கன சென்டிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. இவற்றைப் பாரடே மாறிலியான 96,485 கூலுமோடு சேர்த்துக் கணக்கிட்டால் விடை ஏறத்தாழ 1.8 மில்லிகூலும். அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிஆம்பியர் மின்னோட்டம் செலுத்தினால் 1.8 வினாடியில் ஒரு நானோமீட்டர் வளரும். அந்த ஒரு நானோமீட்டருக்குள் இருப்பவை ஏறத்தாழ மூன்று காட்மியம் செலினைடு அடுக்குகள் மட்டுமே. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அணு அடுக்குகளை எண்ண முடியும் என்பதுதான் இதன் பொருள்.

நடைமுறையில் கணக்கு இவ்வளவு நேராக அமைவதில்லை. மின்னோட்டத்தின் ஒரு பகுதி நீரிலிருந்து ஹைட்ரஜனை வெளியேற்றுவதில் வீணாகும். செலினியம் மிகுந்துவிட்டால் செந்நிறச் செலினியம் தனியே படியும். கரைசலின் அமிலத்தன்மை, வெப்பநிலை, கலக்கும் வேகம் ஒவ்வொன்றும் முடிவை மாற்றும். இவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துப் பதிவு செய்வதே ஓர் ஆய்வு மாணவரின் பல ஆண்டு உழைப்பு.

தூரிகை முலாம்

சிக்ரியில் 1990களில் முரளியும் உடன் பணியாற்றியோரும் ஆராய்ந்த தூரிகை முலாம் முறை தனியே குறிப்பிடத்தக்கது. தேய்ந்துபோன இயந்திரத் தண்டு, கப்பலின் பாகம் போன்றவற்றைக் கழற்றித் தொட்டியில் அமிழ்த்த முடியாதபோது, தேய்ந்த இடத்தில் மட்டும் உலோகம் ஏற்றுவதற்காகப் பட்டறைகளில் வழங்கிவந்த முறை இது. கிராபைட் கோல் ஒன்றின் நுனியில் பஞ்சு சுற்றி, அதைக் கரைசலில் நனைத்து, நேர்மின்வாயாக இணைத்து, பூச வேண்டிய பரப்பின்மேல் தூரிகை போல் தேய்ப்பர். பரப்பு எதிர்மின்வாயாக இருக்கும்.

பட்டறையில் உலோகத்துக்குப் பயன்பட்ட இம்முறையை இவர்கள் காட்மியம் செலினைடு முதலிய குறைக்கடத்திகளுக்குப் பயன்படுத்தினர். டைட்டானியத் தகட்டின் மீதும் மின்கடத்தும் கண்ணாடியின் மீதும் படலங்கள் வளர்க்கப்பட்டன. இதில் பல வசதிகள் உண்டு. மிகக் குறைந்த அளவு கரைசல் போதும். காட்மியம் போன்ற நச்சுப் பொருளைக் கையாளும்போது இது சிறிய செய்தியன்று. தூரிகை ஓயாமல் நகர்வதால் பரப்பில் ஹைட்ரஜன் குமிழிகள் ஒட்டி நின்று துளைகளை உண்டாக்குவதில்லை. மின்னோட்டச் செறிவையும் கூட்ட முடியும். படிந்த படலத்தைப் பின்னர் உலையில் சூடேற்றினால் சிறு துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து பெரிதாகும். குறைபாடு என்னவென்றால், கையால் தேய்க்கும்போது ஒரு கைக்கும் மறு கைக்கும் அழுத்தமும் வேகமும் மாறும்.

மின்னோட்டத்தை விட்டுவிட்டுச் செலுத்தும் துடிப்பு முலாமும் இங்கு விரிவாக ஆராயப்பட்டது. மின்னோட்டம் நிற்கும் நொடிப் பகுதிகளில் மின்வாயின் அருகே தீர்ந்துபோன அயனிகள் மீண்டும் வந்து சேர்கின்றன. அடுத்த துடிப்பில் புதிய துகள்கள் முளைக்கின்றன. அதனால் துகள்கள் நுண்ணியவையாக அமைகின்றன.

மின்சாரமே இல்லாமலும் படலம் வளர்க்கலாம். காட்மிய உப்பு, அமோனியா, தயோயூரியா ஆகியவை கலந்த வெதுவெதுப்பான கரைசலில் கண்ணாடித் தகட்டை நிறுத்தி வைத்தால், சிறிது நேரத்தில் அதன்மேல் மஞ்சள் காட்மியம் சல்பைடு படலம் படியும். வெள்ளீயக் குளோரைடு கரைசலைச் சூடான கண்ணாடியின்மேல் நுண்துளிகளாகத் தெளித்தால், ஒளி ஊடுருவும், அதே நேரத்தில் மின்சாரத்தையும் கடத்தும் வெள்ளீய ஆக்சைடு படலம் கிடைக்கும்.

நானோ அளவை அளத்தல்

கண்ணுக்குத் தெரியாத துகளின் அளவை அறிய எலக்ட்ரான் நுண்ணோக்கி பயன்படுகிறது. ஆயினும் பெரும்பாலான ஆய்வுக் கட்டுரைகளில் முதலில் இடம்பெறுவது எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் படமே. படிகத்தின்மீது எக்ஸ் கதிர் விழும்போது குறிப்பிட்ட கோணங்களில் மட்டும் வலுவாகச் சிதறி, வரைபடத்தில் கூரிய முகடுகளாகத் தோன்றும். துகள் சிறியதாக ஆக, முகடு அகன்று மழுங்கும். அகலத்திலிருந்து அளவைக் கணிக்கும் வாய்பாடு ஷெரர் பெயரால் வழங்குகிறது. தாமிர எக்ஸ் கதிரின் அலைநீளம் 0.154 நானோமீட்டர். காட்மியம் செலினைடின் முகடு 25.4 டிகிரியை ஒட்டித் தோன்றும்போது அதன் அகலம் 0.4 டிகிரி என்றால் துகளின் அளவு ஏறத்தாழ 20 நானோமீட்டர். அகலம் 0.8 டிகிரி என்றால் 10 நானோமீட்டர். கருவியே உண்டாக்கும் அகலத்தை முதலில் கழித்துவிட வேண்டும். மாணவர்கள் அடிக்கடி தவறவிடும் படி இது.

இந்த அளவைத் தெரிந்துகொள்வது ஏன் முக்கியம்? காட்மியம் செலினைடு துகள் 10 நானோமீட்டருக்குக் கீழே போகும்போது அதன் ஆற்றல் இடைவெளியே மாறத் தொடங்குகிறது. எலக்ட்ரான் உலாவ இடம் குறுகக் குறுக அதன் ஆற்றல் கூடுகிறது. ஒரே பொருள், ஒரே வேதி வாய்பாடு. ஆனால் 6 நானோமீட்டர் துகள் சிவப்பாக ஒளிர்கிறது, 2 நானோமீட்டர் துகள் நீலத்தை நெருங்குகிறது. குவாண்டம் புள்ளிகள் எனப்படும் இத்துகள்களைக் கண்டறிந்து உருவாக்கியதற்காக எகிமோவ், புரூஸ், பவெண்டி ஆகிய மூவருக்கு 2023ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. எகிமோவ் இந்த விளைவை நிறக் கண்ணாடியில் கண்டார். புரூஸ் 1983இல் கரைசலில் மிதந்த காட்மியம் சல்பைடு துகள்களில் கண்டார்.

ஒளிமின்வேதிக் கலம்

காரைக்குடியில் உருவான காட்மியம் செலினைடு படலங்கள் பெரும்பாலும் ஒளிமின்வேதிக் கலங்களில் சோதிக்கப்பட்டன. வழக்கமான சூரியக் கலத்தில் இரண்டு திண்மப் பொருள்கள் சேருமிடத்தில் மின்புலம் உண்டாகிறது. ஒளிமின்வேதிக் கலத்தில் குறைக்கடத்தியும் கரைசலும் சேருமிடமே அந்த வேலையைச் செய்துவிடும். படலத்தைக் கரைசலில் அமிழ்த்தி வெளிச்சம் காட்டினால் போதும். நுண்துகள் படலமானாலும் கரைசல் ஒவ்வொரு இடுக்கிலும் புகுந்து தொடுகிறது.

ஆனால் ஒளி பட்டுத் தோன்றும் மின்துளைகள் கரைசலுக்குள் போக வழியில்லாவிட்டால் படலத்தையே அரித்துவிடும். நீரில் வைத்த காட்மியம் செலினைடு வெயிலில் கரையத் தொடங்கும். மின்துளைகளைப் படலத்துக்கு முன்பே பிடித்துக்கொள்ளும் பாலிசல்பைடு கரைசலைப் பயன்படுத்தினால் அரிப்பு வெகுவாகக் குறையும் என்பதை 1976இல் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் இருந்த ஆய்வுக் குழுக்கள் காட்டின. குறைந்ததே தவிர நிற்கவில்லை. கூரையின் மேல் இருபது ஆண்டுகள் வெயிலில் கிடக்க வேண்டிய ஒரு பொருளுக்கு இது பெருங்குறை. அரிமானத்தை ஆராய்வதற்காகவே பிறந்த ஒரு நிறுவனம் தன் சூரியக் கலத்திலும் அரிமானத்தையே எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

ஆய்வகமும் ஆலையும்

கரைசல் வழியில் வளர்ந்த குறைக்கடத்தி, ஆலை வரை சென்றதும் உண்டு. மின்படிவு முறையில் காட்மியம் டெல்லுரைடு சூரியத் தகடுகளை பி.பி. சோலார் நிறுவனம் அமெரிக்காவில் உற்பத்தி செய்தது. 2002இல் அந்நிறுவனம் இந்த முயற்சியைக் கைவிட்டது. ஆவியாக்கிப் படியவைக்கும் முறையைப் பின்பற்றிய பர்ஸ்ட் சோலார் நிறுவனம் நிலைத்தது. ஒரு தகட்டின் மீது சில நிமிடங்களில் படலம் ஏற வேண்டிய ஆலையில், வினாடிக்கு ஒரு நானோமீட்டர் கூட வளராத கரைசல் தொட்டி பின்தங்கிவிடுகிறது. துல்லியம் வேகத்துக்கு விலையானது எனலாம். பர்ஸ்ட் சோலாரின் காட்மியம் டெல்லுரைடு ஆலை ஒன்று, ஆண்டுக்கு 3.3 கிகாவாட் திறனுடன், 2024 ஜனவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பிள்ளைப்பாக்கத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. காரைக்குடி ஆய்வகங்களில் பல்லாண்டுகளாகக் கையாளப்பட்ட சேர்மக் குடும்பம், வேறு வழியாகத் தமிழ்நாட்டில் தொழிலாகியிருக்கிறது.

அதனால் கரைசல் வழி தோற்றுவிட்டது என்று கூறுவது பொருந்தாது. சிலிக்கான் சில்லுகளின் உள்ளே டிரான்சிஸ்டர்களை இணைக்கும் கம்பிகள் முன்பு அலுமினியத்தால் ஆனவை. 1997இல் ஐ.பி.எம். நிறுவனம் தாமிரத்துக்கு மாறுவதாக அறிவித்தது. தாமிரத்தின் மின்தடை அலுமினியத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. அந்தத் தாமிரம் சில்லின் நுண்ணிய பள்ளங்களில் நிரப்பப்படுவது மின்முலாம் மூலமாகத்தான். சாதாரணமாகப் பூசினால் பள்ளத்தின் வாய் முதலில் மூடி உள்ளே வெற்றிடம் தங்கிவிடும். கரைசலில் சேர்க்கப்படும் சில கரிமப் பொருள்கள் மேற்பரப்பில் படிவைத் தாமதப்படுத்தி அடிப்பகுதியில் விரைவுபடுத்துகின்றன. பள்ளம் கீழிருந்து மேலாக நிரம்புகிறது. உலகின் மிக விலையுயர்ந்த ஆலைகளிலும் முலாம் தொட்டி ஒன்று இருக்கிறது. அதற்குத் தேவையான அறிவு, காரைக்குடியில் கற்பிக்கப்படும் மின்வேதியியல்தான். சிக்ரி வேதி மற்றும் மின்வேதிப் பொறியியலில் இளநிலைத் தொழில்நுட்பப் பட்டப் படிப்பையும் நடத்திவருகிறது.

காட்மியம் பற்றிய எச்சரிக்கை

காட்மியம் சிறுநீரகத்தையும் எலும்புகளையும் பாதிக்கும் நச்சு உலோகம். ஜப்பானின் டோயாமா பகுதியில் சுரங்கக் கழிவு ஜின்சு ஆற்றில் கலந்து, அந்த நீர் பாய்ந்த வயல்களின் அரிசி வழியாக மக்கள் உடலில் சேர்ந்ததால் 'இத்தாய் இத்தாய்' என்னும் கடும் வலிதரும் நோய் உண்டானது. ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுக் கருவிகளில் காட்மியத்தின் அளவை எடையில் 0.01 விழுக்காட்டுக்குக் கட்டுப்படுத்தியுள்ளது. ஆகவே வெள்ளீய சல்பைடு, துத்தநாக ஆக்சைடு, தாமிரம், துத்தநாகம், வெள்ளீயம் மூன்றும் கலந்த சல்பைடு போன்ற மாற்றுப் பொருள்களை நோக்கி உலகெங்கும் ஆய்வுகள் திரும்பியுள்ளன.

கல்லூரி ஆய்வகங்களில் காட்மியம் சல்பைடு படலம் செய்யும்போது மீந்த கரைசலைத் தொட்டியில் ஊற்றிவிடக் கூடாது. சுண்ணாம்பு சேர்த்துப் பிரித்துவிடலாம் என்று எண்ணுவதும் தவறு. கரைசலிலுள்ள அமோனியா காட்மியத்தைப் பற்றிக்கொண்டிருப்பதால் அது முழுமையாக வீழ்படிவாகாது. சோடியம் சல்பைடு சேர்க்க வேண்டும். அமிலம் கலந்தால் நச்சு வாயு வெளிப்படும் என்பதால் கரைசல் காரத்தன்மையோடு இருப்பதையும், புகைபோக்கி அறைக்குள் வேலை நடப்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். எஞ்சிய காட்மியம் மஞ்சள் பொடியாக அடியில் தங்கும். அதை வடிகட்டி, மூடிய கொள்கலனில் அடைத்து, பெயர் எழுதி, அபாயகரக் கழிவாக ஒப்படைக்க வேண்டும்.